தலைவரின் முழங்கால் உயரம்

அந்தக் குடியிருப்பில் நாய் வளர்க்கத் தடை கிடையாது. பெரிய நாய் வளர்க்கத்தான் தடை. எது பெரிய நாய் என்ற கேள்வி எழுந்தபோது சங்கத்தின் பொதுக்குழு காலையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை விவாதித்து, யாரும் மறுக்க முடியாத அளவுகோல் ஒன்றைக் கண்டுபிடித்தது. அது சங்கத் தலைவரின் முழங்கால். நாயின் தோள் தலைவரின் முழங்காலுக்குக் கீழே நின்றால் சின்ன நாய். மேலே போனால் பெரிய நாய், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அளவுநாடா என்று ஒன்று இருப்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார்கள். நாடாவை யார் வாங்குவது, யார் வீட்டில் வைப்பது, அதன் நுனியை யார் பிடிப்பது என்று பேச்சு வளர்ந்து சட்டைக் காலர்வரை போனதால் அதைக் கைவிட்டார்கள். முழங்காலில் அந்தத் தொல்லை இல்லை. அது எப்போதும் தலைவரோடுதான் இருக்கும்.

முதல் தலைவர் நல்ல நெட்டை. அவர் காலத்தில் கன்றுக்குட்டி கணக்காக இருந்த நாய்களெல்லாம் சட்டப்படி சின்ன நாய்களாக லிஃப்டில் ஏறி இறங்கின. அவர் போய் இப்போதைய தலைவர் வந்தார். பூட்டுக் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆள் கட்டை குட்டை. அவர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்ட அன்றே பல நாய்கள், ஒரு விரல்கடை கூட வளராமல், பெரிய நாய்களாகிவிட்டன. நகராட்சியின் நாய் வண்டி கம்பிக் கூண்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. அன்று படிக்கட்டு முழுக்க அழுகை கேட்டது. தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு தேர்தல் களைப்பில் தூங்கினார்.

இதெல்லாம் தெரிந்தும் மூன்றாம் மாடி கண்ணாடிக்காரர் ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்றால் அதற்குக் காரணம் அவர் மனைவி.

அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று ஆயுசு முழுக்க அடுத்தவரைக் கேட்டே பழகிய மனிதர், தனக்கென்று ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொண்டதே இல்லை. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். மனைவி அப்படியல்ல, வாயும் கையும் துறுதுறுவென்று இருந்தவள். அவளுடைய தங்கை திடீரென்று இறந்துபோனாள். அன்றைக்குப் படுக்கையறைத் திரையை இழுத்து மூடியவள் மூடியவள்தான். சமையலுக்கு வெளியே வருவாள், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள். சிரிப்பு என்ற ஒன்று அந்த வீட்டை விட்டே போய்விட்டது. கண்ணாடிக்காரர் டாக்டரிடம் போனார், மைத்துனரை வரவழைத்தார், ஊர்வழி போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் கடைக்கு அடிக்கடி வரும் பெண்மணி ஒருத்தி, தன் நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். டூடுல் வகை. பூடுல் என்ற சுருள்முடி நாயை வேறொரு சாதி நாயோடு சேர்த்தால் பிறப்பது. இதற்கு அப்பா சின்ன பூடுல், அம்மா தொங்கு காது வைத்த சின்ன ஜாதி. உடம்பெல்லாம் சுருள், அதற்குள் எங்கேயோ இரண்டு கண்.

"பெருசாகுமா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். முழங்கால் ஞாபகம் அவருக்கு.

"இதெல்லாம் கைப்பைக்குள்ள அடங்கிடும் சார்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் குட்டி படுக்கையறைக்குள் போய், கட்டில் விளிம்பில் தொங்கிய கையை நக்கியது. மறுநாள் திரை பாதி திறந்திருந்தது. அந்த வாரமே மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு, நாயோடு கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தாள். சுருட்டை என்று பேர் வைத்ததும் அவள்தான். கண்ணாடிக்காரர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல், சந்தோஷத்தில் அழுதார்.

சிரிப்பு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. குட்டியாக இருக்கும்போது எல்லா நாயும் சின்ன நாய்தான் என்ற ஓட்டையைச் சங்கம் எப்போதோ கண்டுபிடித்து, அதை அடைக்க 'வளர்ச்சிக் கணிப்புக் குழு' என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. நாய் வளர்ந்த பிறகு எவ்வளவு உயரம் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது அதன் வேலை. அதற்குத் தலைமை வகித்தவர் வானிலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற வானிலைக்காரர்.

கூட்ட அறையில் நீள மேசை. நடுவில் தலைவர், ஒரு பக்கம் வானிலைக்காரர், இன்னொரு பக்கம் செயலாளர் அம்மா. அந்த அம்மாள் 'சட்டப்படி' என்று ஆரம்பிக்காமல் தண்ணீர்கூடக் கேட்க மாட்டாள். முதலில் முழங்காலைத் திறந்தார்கள். தலைவர் எழுந்து வந்து, வலது காற்சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றி, சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கொஞ்சம் வீங்கிய, ரோமம் உதிர்ந்த முழங்கால். செயலாளர் அம்மா அதன் உச்சிக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

சுருட்டை கோட்டுக்கு எங்கேயோ கீழே நின்று தலைவரின் செருப்பை முகர்ந்தது.

"இது இன்னிக்கு இருக்கற நாய்" என்று ஆரம்பித்தார் வானிலைக்காரர். "இன்னிக்கு இருக்கறதைப் பாக்கறதுக்குக் கண்ணு போதும், குழு எதுக்கு? நாங்க பாக்கறது நாளைக்கு வரப்போற நாயை."

அவர் சுருட்டையின் முன்கால் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். சுவரில் தொங்கிய நாய்ப் படத்தில் வளைவு வளைவாகக் கோடுகள் போட்டார். "பாதம் அகலமா இருக்கு. தோள்பட்டையில அழுத்தம் கூடிக்கிட்டே வருது. காதுக்குப் பின்னாடி ஒரு தாழ்வு நிலை தெரியுது. இதெல்லாம் சேர்ந்தா பலத்த வளர்ச்சிக்கு வாய்ப்பு இருக்கு. தலைவரோட தொடை வரைக்கும்."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"சார், கால்நடை டாக்டர்கிட்ட காட்டினேன்" என்றார் மெல்ல. "அப்பாவும் அம்மாவும் சின்னதுதானாம். ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவது வந்து நிக்குமாம். கலப்புங்கறதால அச்சடிச்ச மாதிரி சொல்ல முடியாது, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா முழங்காலுக்குக் கீழதான் இருக்கும்னு நினைக்கிறேன்னு சொன்னாரு."

"நினைக்கிறாரா?" என்றார் வானிலைக்காரர். "முன்னப்பின்ன இருக்குமா? படிச்ச மனுஷன் பேசற பேச்சா இது? நான் சர்வீஸ் முழுக்க மழையைச் சொன்னவன் சார். ஒரு நாள்கூட 'நினைக்கிறேன்'னு சொன்னது கிடையாது. ஒரு நாள்கூட என் கணிப்பு தப்பினதும் கிடையாது. வானம்தான் சில நாள் தப்பு பண்ணிச்சு."

கைதட்டினார்கள். தலைவர் பேசினார். "இதுல எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு ஒண்ணும் இல்ல. நாய்னா எனக்கு உசுரு. அதனாலதான் எந்த நாயும் என்னைவிட உசந்து போயி கெட்ட பேர் வாங்கக் கூடாதுன்னு பாக்கறேன்." அதற்கும் கைதட்டினார்கள்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார் கண்ணாடிக்காரர். மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"இன்னும் முடிவாகல. அதோட அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"யாரோட அப்பா அம்மா?"

"சுருட்டையோட."

அவள் உள்ளே போனாள். படுக்கையறைத் திரை சரசரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தைவிட அவரைப் பயமுறுத்தக்கூடியது அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

குட்டியைக் கொடுத்த பெண்மணி தாய் நாயோடு சங்கத்துக்கு வந்தாள். அது முழங்காலுக்குக் கீழே அடக்க ஒடுக்கமாக நின்றது. அப்பா வேறு ஊருக்குப் போய்விட்டதால் அதன் புகைப்படத்தைக் கொண்டுவந்திருந்தாள். "சட்டப்படி போட்டோவை முழங்காலோட ஒப்பிட முடியாது" என்றாள் செயலாளர் அம்மா. படத்தில் நாய்க்குப் பக்கத்தில் இருந்த பூந்தொட்டியைக் கேட்டார்கள். பூந்தொட்டி வந்தது. அதுவும் முழங்காலுக்குக் கீழேதான் நின்றது. அப்படியானால் தாத்தா யார் என்று வானிலைக்காரர் கேட்டார். தாத்தா பற்றித் தகவல் இல்லை என்றாள் பெண்மணி.

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினார் அவர். "மறைக்கறாங்க. ஒரு தாத்தா மறைஞ்சிருக்கார்னா அவரு நிச்சயமா பெரிய ஆளாத்தான் இருக்கணும். சின்னவரா இருந்தா எதுக்கு மறையணும்?"

கணிப்பு தலைவரின் இடுப்புக்கு உயர்ந்தது.

அடுத்து முடிப் பிரச்சினை. சுருட்டையின் முடி சுருள் சுருளாக நிமிர்ந்து நின்றதால், அதைச் சேர்த்து அளப்பதா, அழுத்தி அளப்பதா என்று கேள்வி. அழுத்துவது என்றால் யாருடைய கையால், எவ்வளவு அழுத்தம்? ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு சுருட்டையைக் குளிப்பாட்டச் சொன்னது. குளித்து நனைந்ததும் நாய் பாதியாகச் சுருங்கி, எலும்பும் தோலுமாக நடுங்கிக்கொண்டு நின்றது. இது வேறு நாய் என்று துணைக்குழு சந்தேகப்பட்டது. காய்ந்து பழையபடி உப்பும்வரை காத்திருந்தார்கள். 'இந்த நாய் சூழ்நிலைக்கு ஏற்பத் தன் அளவை மாற்றிக்கொள்ளும் தன்மையுடையது' என்று அறிக்கை கொடுத்தார்கள். கணிப்பு இடுப்பிலிருந்து விலாவுக்கு ஏறியது.

இந்த அழகில் மாதங்கள் ஓடின. நாய் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. நாய்க்கு என்ன தெரியும்? போன வாரம் எட்டாத நாற்காலி இந்த வாரம் எட்டினால் அதற்குக் கொண்டாட்டம். கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். ஓர் உயிர் வளரக்கூடாது என்று அவர் வேண்டிக்கொள்வது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஒரு நாள் கிண்ணத்தில் போட்ட சாப்பாட்டில் ஒரு கை திரும்ப எடுத்தார். மறுநாளும் எடுத்தார். மூன்றாவது முறை திரும்பியபோது பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

"திரும்பப் போடுங்க."

"இல்லம்மா, கொஞ்சம் கம்மியா போட்டா..."

"பட்டினி போட்டுக் குள்ளமாக்கி ஒரு நாய் நமக்கு வேணுமா? அது எவ்வளவு வளரணுமோ அவ்வளவு வளரட்டும். போடுங்க."

அவர் போட்டார். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. முழங்காலைவிடக் கீழே போனது நாய் அல்ல, தான்தான் என்று தோன்றியது.

விலா உயரம் என்று வாயால் சொன்னால் உறுப்பினர்களுக்குப் புரிவதில்லை என்று குழு கருதியது. எனவே விளம்பரப் பலகை எழுதுபவரை வரவழைத்து, வரப்போகும் சுருட்டையை ப்ளைவுட்டில் வெட்டச் சொன்னார்கள். அவர் மனிதரை வரைந்து பழகியவர், நாய் வரைந்ததில்லை. விலா உயரத்துக்குச் சுருள்முடியோடு, மனிதப் பற்களோடு, யாரையோ முறைத்துக்கொண்டு ஒரு உருவம் வந்து சேர்ந்தது. லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதற்கு வசதியாக அடியில் நான்கு சக்கரம் வைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் கணிப்பு தலைவரின் நெஞ்சுக்கு ஏறியபோது, கால்களை அறுத்து நடுவில் ஆளுக்கொரு துண்டு ஒட்டி உயர்த்தினார்கள்.

பலகை நாயை முதன்முதலில் பார்த்தபோது சுருட்டை அதன் வாலை முகர்ந்துவிட்டுத் தும்மியது. மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் புகார் நாலாம் மாடியிலிருந்து வந்தது. லிஃப்டைத் திறந்தால் உள்ளே அது நிற்கிறது, பல்லைக் காட்டுகிறது, ஏற இடம் இல்லை. அளவு பார்ப்பதற்காகக் குழு ஏற்றிவிட்டு இறக்க மறந்திருந்தது. புகாரை விசாரித்த செயலாளர் அம்மா கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உங்க நாய் லிஃப்டை அடைச்சுக்கிட்டு நின்னிருக்கு."

"அம்மா, அது என் நாய் இல்லியே. பலகைதானே?"

"சட்டப்படி அது உங்க நாயோட வளர்ந்த நிலை. பலகைங்கறது தற்காலிகம். முதல் எச்சரிக்கை."

வாயில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு "சரிங்க" என்றார் அவர்.

இரண்டாவது புகார் காற்றால் வந்தது. இரண்டாம் மாடி நடைபாதையில் நிறுத்தியிருந்த பலகை நாய், ஜன்னல் வழியாக வீசிய காற்றில் சக்கரம் உருண்டு, மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாளை நோக்கி விரைந்து வந்திருக்கிறது. அவள் பையைப் போட்டுவிட்டு ஓடி, வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டாள். கண்ணாடிக்காரருக்குக் கடைசி எச்சரிக்கை. அதற்குப் பிறகு குடியிருப்பில் பேச்சே அதுதான். மொட்டை மாடியில் அது உலாத்துவதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அது உறுமியதாக இன்னொருவர் சொன்னார். குழந்தைகளைக் கீழே விளையாட விடுவதை நிறுத்தினார்கள். சுருட்டையோடு நடக்கப் போன மனைவியைக் கண்டதும் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி, நேற்றுவரை சுருட்டையின் காதைப் பிடித்துக் கொஞ்சியவள், நாயைப் பார்க்காமல் அதன் தலைக்கு மேலே வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

மனைவி நடையைக் குறைத்துக்கொண்டாள். பிறகு, வாசல்வரை மட்டும். பிறகு அதுவும் இல்லை. கண்ணாடிக்காரர் கடையை மூடிவிட்டு வரும்போது கீழே நின்று மேலே பார்ப்பார். திரை மூடியிருக்கும்.

இறுதித் தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள். கண்ணாடிக்காரர் கடைசியாக ஒரு முறை கால்நடை டாக்டரிடம் போனார். அவர் சுருட்டையின் எடையைப் பார்த்து, மூட்டுகளை அழுத்திப் பார்த்து, கன்னத்தைத் தட்டினார். "இது வளர்ந்து முடிச்சிருச்சுங்க. சின்ன சாதியெல்லாம் ஒரு வருஷத்துக்குள்ள நின்னுடும். இனி பக்கவாட்டுல வேணா வளரும், நீங்க திங்கக் கொடுக்கறதைப் பொறுத்து. உயரம் இவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் அங்கேயே குனிந்து நாயைக் கட்டிக்கொண்டார். குழு தாமதித்த தாமதத்தில் கணிக்க வேண்டிய நாய் கண் முன்னால் முழுசாக வந்து நின்றுவிட்டது. இனி யார் என்ன சொல்ல முடியும்?

சொல்ல முடிந்தது. தீர்ப்பு நாளன்று சங்கத்துக்குள் நுழையும்போதே வாசலில் நாய் வண்டி நின்றது. கூண்டுக் கதவு திறந்திருந்தது. தீர்ப்புக்கு முன்னாலேயே வண்டியை வரவழைத்திருந்தார்கள். மனைவி வண்டியைப் பார்த்தாள். சுருட்டையின் வாரைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அவள் வருவாள் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்க்கவில்லை.

அறை நிரம்பி வழிந்தது. மூலையில் பலகை நாய் முறைத்துக்கொண்டு நின்றது. தலைவர் காற்சட்டையைச் சுருட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். கோடு போட்டார்கள். சுருட்டையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். அதன் தோளுக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் உள்ளங்கை தாராளமாக நுழையும்.

கண்ணாடிக்காரர் டாக்டர் சொன்னதைச் சொன்னார். "வளர்ந்து முடிச்சிருச்சுங்க. இதுதான் அதோட முழு உயரம். நீங்களே பாக்கறீங்க."

வானிலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்தார்.

"ஒரு கேள்வி. நாளைக்கு மழைன்னு நான் சொல்றேன். காலையில வெயில் அடிக்குது. உடனே நான் சொன்னது தப்புன்னு ஆயிடுமா? மழை தாமதமாகுதுன்னுதான் அர்த்தம். இந்த நாய் தாமதமாகுது. இத்தனை மாசம் ராப்பகலா உழைச்சு ஒரு குழு ஒரு உயரத்தைக் கண்டுபிடிச்சிருக்கு. அதை ஒரு நாய் வந்து நின்னு பொய்யாக்கிடலாம்னா அப்புறம் குழு எதுக்கு, தலைவர் எதுக்கு, இந்த முழங்கால்தான் எதுக்கு?"

முழங்காலைச் சொன்னதும் தலைவரின் முகம் சிவந்தது. காற்சட்டையை இறக்கிவிட்டார். "கண்ணுக்குத் தெரியறதை நம்பி நிர்வாகம் பண்ண முடியாது. லிஃப்டை அடைச்சது, நடைபாதையில பாய்ஞ்சது, ஒரு அம்மாவைக் கீழ தள்ளினது எல்லாம் விசாரணையில நிரூபணமாயிருக்கு. தீர்ப்பு சொல்றேன். மூன்றாம் மாடிக்காரரோட நாய், நெஞ்சு உயரம் உள்ளது, இந்தக் குடியிருப்பை விட்டு இப்பவே வெளியேத்தப்படணும். வண்டிக்காரரைக் கூப்பிடுங்க."

மனைவி சுருட்டையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வண்டிக்காரர் வந்தார். காக்கிச் சட்டை, கையில் கயிறு, முகத்தில் எதையும் நம்பாத சலிப்பு. "எந்த நாய்?"

"அந்தம்மா கையில இருக்கு" என்றார் தலைவர்.

வண்டிக்காரர் சுருட்டையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். "என்ன உயரம்னு சொன்னீங்க?"

"நெஞ்சு உயரம்."

"யாரு நெஞ்சு?"

"என் நெஞ்சு."

"இது உங்க முழங்காலுக்கே வரலியே சார். போன மாசம் ஒரு எடத்துல சொன்ன உயரம் ஒண்ணு, ஏத்தின நாய் ஒண்ணு. எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. சொன்ன உயரத்துல நாய் இருந்தா ஏத்துவேன். இல்லாட்டி வண்டி காலியாத்தான் போகும். காலியாப் போனாலும் மெமோதான். சீக்கிரம் சொல்லுங்க."

"அது வரும்யா, வளர்ந்து வரும்!" என்று கத்தினார் வானிலைக்காரர்.

"வந்ததும் கூப்பிடுங்க."

செயலாளர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சங்கத்தின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. "உயரம் தெரியணும்னா அதோ பாருங்க, மூலையில நிக்குதே, சட்டப்படி அதுதான் அந்த நாய்!"

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். வண்டிக்காரர் நடந்து போய்ப் பலகை நாயின் பக்கத்தில் நின்றார். தலைவரை வரச் சொன்னார். தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் போய் நின்றார். பலகை நாயின் தோள் அவருடைய நெஞ்சுக்குக் கச்சிதமாக இருந்தது.

"உயரம் சரியா இருக்கு" என்றார் வண்டிக்காரர். "கடிக்குமா?"

"யோவ், அது பலகைய்யா!" என்றார் தலைவர்.

அப்போதுதான் கண்ணாடிக்காரர் எழுந்தார். 'சரிங்க' என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருமே அப்படித்தான் நினைத்திருந்தார்.

"தலைவரே, அது பலகைன்னா, லிஃப்டை அடைச்சதுக்கு எனக்கு எச்சரிக்கை குடுத்தீங்களே, அது யாரு? நடைபாதையில பாய்ஞ்சது யாரு? இவ்வளவு நேரம் நிரூபணமாயிருக்குன்னு சொன்னீங்களே, எது நிரூபணமாச்சு? ஒண்ணு அது நாயா இருக்கணும். இல்லாட்டி உங்க விசாரணை பொய்யா இருக்கணும். இதுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

கடையில் கேட்கும் அதே கேள்விதான். இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா.

தலைவர் செயலாளர் அம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அறையில் கணுக்கால் வீங்கிய அம்மாளின் கணவர் இருந்தார், நாலாம் மாடிக்காரர் இருந்தார், மொட்டை மாடியில் பார்த்தவர் இருந்தார். எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

முதலில் உடைந்தவர் வானிலைக்காரர். அவர் கணிப்பு ஒரு நாளும் தப்பக்கூடாது.

"அதுதான் நாய்" என்றார் உரக்க. "கணிப்புப்படி அதுதான் நாய். உயரம் சரியா இருக்குன்னு அரசாங்க ஆளே சொல்லிட்டாரு. இதைவிட என்ன வேணும்? ஏத்துங்க!"

தலைவர் மெல்லத் தலையாட்டினார்.

வண்டிக்காரர் பலகை நாயின் கழுத்தில் முறையாகக் கயிற்றை மாட்டினார். இழுத்தார். அது சக்கரத்தில் உருண்டு, பல்லைக் காட்டிக்கொண்டே, அவர் பின்னால் சாதுவாகப் போனது. வழியில் இருந்தவர்கள் சடாரென்று ஒதுங்கி நின்றார்கள். மொட்டை மாடிக்காரர் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். வாசலில் கூண்டுக்குள் தலை நுழையவில்லை. குழு உறுப்பினர்களே கைகொடுத்து, குனிய வைத்து, உள்ளே தள்ளினார்கள். ஒருவர் அதைத் தட்டிக்கொடுத்து "போ, போ" என்றார்.

கதவைச் சாத்தியதும் சுருட்டை, மனைவியின் கையில் இருந்தபடியே, வண்டியைப் பார்த்து ஒரே ஒரு முறை குரைத்தது.

அங்கேதான் அது நடந்தது. மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி ஓடினார் கண்ணாடிக்காரர். அவள் அழவில்லை. முகத்தை நாயின் முடிக்குள் புதைத்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கையோடு சேர்ந்து சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. எத்தனை காலமாகக் காத்திருந்தார் அதற்கு! அவரும் சிரித்தார். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆபத்தான பெரிய நாய் வெற்றிகரமாக அகற்றப்பட்டது என்று சங்கம் அறிவித்தது. வானிலைக்காரருக்குச் சால்வை போட்டார்கள். குழந்தைகள் கீழே இறங்கி விளையாட ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுக்காரி சுருட்டையின் காதைப் பிடித்து, "அப்பாடா, இது ஒண்ணுதான் சாது" என்றாள். தலைவரே ஒரு நாள் குனிந்து அதன் தலையைத் தடவினார். "பெருசு போனதுதான் நல்லது. உங்களுக்கும் ரெண்டு நாய் கஷ்டம்தானே?"

"ஆமாங்க" என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

கொஞ்ச காலம் குழுவுக்கு வேலை இல்லை. பிறகு ஒரு நாள் ஐந்தாம் மாடியில், கல்யாணமாகிச் சில வருஷம் ஆன தம்பதிக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவர்களுக்குச் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்டின் தாங்குசக்தியைக் கருதி, குழந்தை பெரியவனானால் எவ்வளவு இருப்பான் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறார்களாம். இரண்டு பக்கத்துத் தாத்தாக்களையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். விளம்பரப் பலகை எழுதுபவர் அன்று காலையே ப்ளைவுட்டோடு வந்து இறங்கினார்.

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து வந்தபோது திரை திறந்திருந்தது. வீட்டில் யாரும் இல்லை. மேலே ஏறிப் போனார். ஐந்தாம் மாடியில் சுருட்டை கதவோரம் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. உள்ளே அந்தச் சின்னப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள் மனைவி.

"எதுக்கும்மா அழறே? அவங்க என்ன உயரம் சொன்னாலும் சரின்னு சொல்லு" என்றாள். "நாலு சக்கரம் மட்டும் மறக்காம வைக்கச் சொல்லு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."